கணினிக் கேள்வி – பதில்: ஒன்பதுக்கு முன்னால் பத்து வருவது ஏன்?

கேள்வி: வலையமைப்பில் உள்ள கருவிகளின் பட்டியலை ஒரு வலைப்பக்க அட்டவணையாக அமைத்திருக்கிறேன். தலைப்பைச் சொடுக்கினால் பெயரும் தேதியும் ஒழுங்காக வரிசைப்படுகின்றன. ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் ஐபி முகவரியின் நெடுவரிசையில் மட்டும் 192.0.2.10 என்பது 192.0.2.9-க்கு முன்னால் வந்து நிற்கிறது. நெடுவரிசையின் வகையை ‘எண்’ என்று மாற்றியும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் அட்டவணை முகவரியை எழுத்துத் தொடராகப் பார்க்கிறது. எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒப்பிடும்போது, கடைசிப் பகுதியில் ‘1’ என்ற எழுத்து ‘9’ என்ற எழுத்துக்கு முந்தியது என்பதோடு ஒப்பீடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் ஒரு சுழியம் இருப்பதை அது கவனிப்பதே இல்லை. இதனால்தான் 1, 10, 100, 2, 25, 9 என்ற வரிசை கிடைக்கிறது.

‘எண்’ என்று வகை மாற்றியபோது வேறொரு பிழை புகுந்திருக்கும். முகவரியைத் தசம எண்ணாகப் படிக்கும் நிரல் இரண்டாவது புள்ளியில் நின்றுவிடும் என்பதால், 192.168 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும் அதன் கணக்கில் ஒரே மதிப்பைப் பெறுகின்றன. அதைவிட மோசமாக, தசமக் கணக்கில் 192.17 என்பது 192.168-ஐ விடப் பெரியதாகிவிடுகிறது. முகவரியில் உள்ள புள்ளி தசமப் புள்ளி அன்று, பகுதிகளைப் பிரிக்கும் குறி மட்டுமே. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் தீர்வு எளிது.

உங்கள் பட்டியலில் உள்ளது போன்ற நான்காம் பதிப்பு (IPv4) ஐபி முகவரி என்பது உண்மையில் 32 பிட்டு (0 அல்லது 1 என்ற இலக்கம்) கொண்ட ஒரே முழு எண். மனிதர்கள் படிப்பதற்காக அதை எட்டு எட்டு பிட்டுகளாகப் பிரித்து, 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களாக எழுதுகிறோம். எனவே அந்த முழு எண்ணை மீட்டெடுத்து அதைக் கொண்டு வரிசைப்படுத்துவதே முறையான வழி. முதல் பகுதியை 1,67,77,216-ஆலும், இரண்டாவதை 65,536-ஆலும், மூன்றாவதை 256-ஆலும் பெருக்கி, நான்காவதை அப்படியே கூட்டினால் போதும். 192.0.2.9 என்பது 3221225993 ஆகவும், 192.0.2.10 என்பது 3221225994 ஆகவும் மாறி, அடுத்தடுத்து நிற்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெருக்கலுக்குப் பதிலாகப் பிட்டுகளை இடப்பக்கம் நகர்த்தும் செயற்குறியை (<<) பலர் பயன்படுத்துகிறார்கள். வலைப்பக்கங்களுக்கான நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் அந்தச் செயற்குறி 32 பிட்டு கொண்ட, கூட்டல்-கழித்தல் குறியுள்ள எண்ணையே தரும். அதனால் 128.0.0.0-இல் தொடங்கி மேலே உள்ள எல்லா முகவரிகளும் எதிர்ம எண்களாகி, 10-இல் தொடங்கும் முகவரிகளுக்கு மேலே போய் அமர்ந்துவிடும். சோதனைக்குச் சிறிய முகவரிகளை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் கண்ணில் இந்தப் பிழை படாது. ஆகவே பெருக்கிக் கூட்டுவதையே நான் பரிந்துரைப்பேன்.

கிடைத்த எண்ணைத் திரையில் காட்ட வேண்டியதில்லை. கட்டத்தின் உள்ளே தெரிவது முகவரியாகவே இருக்கட்டும். வரிசைப்படுத்துவதற்கான எண் அதே கட்டத்தின் பண்பாக மறைவாக இருக்கட்டும். வலைப்பக்க அட்டவணைகளுக்கான டேட்டாடேபிள்ஸ் என்ற நிரல் நூலகத்தில் ‘டேட்டா-ஆர்டர்’ என்ற பண்பு இதற்காகவே இருக்கிறது. ஒவ்வொரு பகுதியையும் மூன்று இலக்கமாக்கி 192.000.002.010 என்று திரையிலேயே எழுதிவிடுவது குறுக்குவழி போலத் தோன்றினாலும், அதைச் செய்யாதீர்கள். சுழியத்தில் தொடங்கும் பகுதியைச் சில நிரல்கள் எண்ம எண்ணாக, அதாவது எட்டை அடியாகக் கொண்ட எண்ணாகப் படிக்கும். எண்ம முறையில் 010 என்பது எட்டு. உங்கள் அட்டவணையிலிருந்து முகவரியை நகலெடுப்பவர் வேறொரு கருவிக்குப் போய்ச் சேரக்கூடும்.

கேள்வி: அதே நெடுவரிசையில் ஆறாம் பதிப்பு (IPv6) முகவரிகளும் கலந்திருந்தால்?

பதில்: அவை 128 பிட்டு நீளமுள்ளவை. ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் வகை 53 பிட்டு வரையிலான முழு எண்களையே பிழையின்றித் தாங்கும் என்பதால், பெருக்கிக் கூட்டும் முறை இங்கே உதவாது. போதாக்குறைக்கு, ஒரே முகவரியைப் பலவாறு எழுதலாம்: 2001::9 என்பதும் 2001:0:0:0:0:0:0:9 என்பதும் ஒன்றுதான். ஆகவே முதலில் இரட்டை முக்காற்புள்ளி மறைத்திருக்கும் சுழியத் தொகுதிகளை நிரப்பி, எட்டுத் தொகுதிகளையும் நான்கு நான்கு இலக்கங்களாக்கி, அவற்றில் இலக்கங்களாக வரும் a முதல் f வரையிலான ஆங்கில எழுத்துகளைச் சிற்றெழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிரிகுறிகளை நீக்கினால் 32 இலக்கத் தொடர் ஒன்று கிடைக்கும். எல்லாத் தொடர்களும் ஒரே நீளமாகிவிட்டபின், முன்பு நம்மைக் கெடுத்த எழுத்து ஒப்பீடே இப்போது சரியான விடையைத் தரும்.

இரு பதிப்புகளில் எது முதலில் வர வேண்டும் என்பது உங்கள் விருப்பம். நான்காம் பதிப்பை முன்னால் வைப்பது படிப்பவர்களுக்கு வசதி என்பது என் கருத்து. அதற்கு, பதிப்பு எண்ணை முதலில் ஒப்பிட்டு, அது சமமாக இருந்தால் மட்டும் முகவரியை ஒப்பிடுங்கள். 10.0.0.0/8 போல முன்னொட்டு நீளம் (முகவரியின் முதல் எத்தனை பிட்டுகள் வலையமைப்பைக் குறிக்கின்றன என்ற எண்) சேர்ந்த வலையமைப்புகள் இருந்தால், சாய்கோட்டுக்கு முன்னுள்ள முகவரிகள் சமமாகும்போது அந்த நீளத்தை ஒப்பிட வேண்டும். அப்போது பெரிய வலையமைப்பு மேலேயும் அதன் உட்பிரிவுகள் கீழேயும் அமையும்.

கேள்வி: பத்தாயிரம் வரிசைகள் கொண்ட அட்டவணையில் இது பக்கத்தை மெதுவாக்குமா? முகவரி இல்லாத கட்டங்கள் எங்கே போகும்?

பதில்: ஒப்பிடும்போதெல்லாம் முகவரியைப் பிரித்துக் கணக்கிட்டால் மெதுவாகும். பத்தாயிரம் வரிசைகளுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பீடுகள் தேவைப்படலாம், ஒவ்வோர் ஒப்பீட்டிலும் இரண்டு முகவரிகள். பக்கம் திறக்கும்போதே ஒவ்வொரு வரிசைக்கும் ஒருமுறை கணக்கிட்டுச் சேமித்துக்கொண்டால் பத்தாயிரம் கணக்குகளோடு வேலை முடிந்துவிடும். வெற்றுக் கட்டங்களையும் பிழையான முகவரிகளையும் தனியாகப் பிரித்து, ஏறுவரிசை, இறங்குவரிசை இரண்டிலும் கடைசியிலேயே வையுங்கள். அவற்றுக்குச் சுழியம் என்று மதிப்பிட்டால், ஏறுவரிசையில் முதல் பக்கம் முழுவதும் வெற்றுக் கட்டங்களாகவே தெரியும்.