கேளுங்க, சொல்றோம்: டிஸ்க் பெட்டி மொத்தமா காணாமப் போகுது!

கேள்வி: சார், மார்த்தாண்டத்துல கல்யாண வீடியோ ஸ்டூடியோ வச்சிருக்கேன். ஒரு செகண்ட்ஹேண்ட் சர்வர், அதோட 12 ஹார்ட் டிஸ்க் போட்ட தனிப் பெட்டி, ரெண்டுக்கும் நடுவுல ஒரு தடிச்ச எஸ்.ஏ.எஸ். கேபிள். ரூமுக்குப் பெயின்ட் அடிக்க எல்லாத்தையும் நகத்தி வச்சோம், அதுக்கப்புறம் பெரிய ஃபைல் காப்பி பண்ணும்போதெல்லாம் 12 டிஸ்க்கும் ஒண்ணா மறைஞ்சிரும், கொஞ்ச நேரத்துல தானா வந்துரும். இப்போ வரவே இல்ல. ரெய்டு கார்டு (எல்லா டிஸ்க்கையும் ஒண்ணாச் சேத்து நடத்துற கார்டு) ஸ்க்ரீன்ல 'ஃபாரின் கான்ஃபிக்'னு காட்டி இம்போர்ட், கிளியர்னு ரெண்டு ஆப்ஷன் தருது. கடையில கேட்டா கார்டு போச்சு, புதுசு வாங்குங்கன்னு சொல்றாங்க. டெலிவரி பண்ணாத கல்யாணம் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு சார்.
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: மொதல்ல அந்தக் கிளியர்ல கை வச்சிராதீங்க. ஃபாரின் கான்ஃபிக்னா டிஸ்க்குல ரெய்டு விவரம் இருக்கு, கார்டுதான் அதைத் தன்னோடதுன்னு ஏத்துக்கலன்னு அர்த்தம், அந்த விவரத்தைக் கிளியர் அழிச்சிரும், இம்போர்ட்தான் அதை வாசிச்சு எடுக்கும். ஆனா இம்போர்ட்டும் இப்போ வேண்டாம், 12 டிஸ்க்கும் கண்ணுக்குத் தெரிஞ்சு, லிங்க் (சர்வருக்கும் பெட்டிக்கும் உள்ள இணைப்பு) ஆடாம நின்னதுக்கு அப்புறம்தான். 'இனிஷியலைஸ்'னு (புதுசா ஆரம்பிக்கவான்னு) எங்க கேட்டாலும் வேண்டாம்னே சொல்லுங்க.

இனி கார்டு விஷயம். கார்டு போயிருக்கவும் செய்யலாம், ஆனா உங்க லெட்டரை வாசிச்சா எனக்கு அந்த முடிவு ரொம்ப அவசரமாத் தெரியுது. ஒரே ஒரு டிஸ்க் காணாமப் போனா டிஸ்க்கையோ அதோட ஸ்லாட்டையோ சந்தேகப்படலாம், மொத்தமும் ஒண்ணாப் போகுதுன்னா பொதுவா இருக்கிற ஏதோ ஒண்ணுதான், அதாவது கேபிள், கார்டு போர்ட், பெட்டி பின்னால இருக்கிற கன்ட்ரோலர் மாட்யூல், இல்ல பெட்டிக்கு வர்ற கரன்ட். இதுல நீங்க நகத்தினப்போ அசைஞ்சது எது? கேபிள்தானே.

இந்தக் கேபிள் முழுசா செத்தா நமக்கு நல்லதுதான், சட்டுனு தெரிஞ்சிரும். ஆனா உள்ள 4 லேன் (டேட்டா போற தனித்தனிப் பாதை) இருக்கு, லேனுக்கு 12 ஜிகாபிட்னா மொத்தம் 48, பழைய 6 ஜிகாபிட் ரகம்னா 24. நாலுவழிச்சாலையில ரெண்டு வழியை அடைச்சுப் போட்டாலும் வண்டி ஊர்ந்து போகுமே, அதுமாதிரி ஒண்ணு ரெண்டு லேன் போனாலும் டிஸ்க்கெல்லாம் தெரியும், சும்மா ஃபோல்டர் திறந்து பாத்தா ஒரு குறையும் இருக்காது, லோடு ஏறும்போதுதான் எர்ரர் கூடிக்கூடி கார்டு லிங்க்கை ரீசெட் பண்ணும், நீங்க சொல்ற அந்த மறைஞ்சு வர்ற விளையாட்டு அங்கதான்.

சர்வரை மொதல்ல அணைங்க, அப்புறம் பெட்டியை. கேபிள் ரெண்டு முனையையும் கழட்டிப் பாருங்க, சுவரை ஒட்டித் தள்ளி வச்சதுல கூர்மையா மடங்கியிருக்கா, டை போட்டு இறுக்கிக் கட்டியிருக்கா, பெயின்ட் தூசி உள்ள போயிருக்கான்னு. திரும்பச் செருகும்போது டக்குனு பூட்டுற சத்தம் வரணும், அப்புறம் லேசா இழுத்துப் பாத்தா வரக்கூடாது. பாதி ஏறி நிக்கிற கேபிள்தான் நிறைய பேரைச் சுத்தல்ல விடுது. பெட்டியில இன், அவுட்னு போர்ட் பிரிச்சிருந்தா சர்வர்ல இருந்து வர்றது இன்ல இருக்கணும், மாத்திச் செருகினா சில பெட்டியில டிஸ்க்கே தெரியாது. பெட்டியை ஆன் பண்ணி டிஸ்க்கெல்லாம் சுத்த ஆரம்பிச்சதுக்கு அப்புறம் சர்வரை ஆன் பண்ணுங்க.

அப்பவும் சரியாகலன்னா, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. அதே கேபிளைக் கார்டோட அடுத்த போர்ட்ல போடுங்க, அப்புறம் யார்கிட்டயாவது இன்னொரு கேபிள் கடன் வாங்கிப் பழைய போர்ட்லயே போடுங்க. எந்தக் கேபிள் போட்டாலும் ஒரே போர்ட்ல மட்டும் தகராறுன்னா கார்டு, எந்தப் போர்ட்ல போட்டாலும் பழைய கேபிளோடயே தகராறு வந்தா கேபிள். ரெண்டுலயும் மாற்றமே இல்லன்னா பெட்டி மாட்யூலைப் பாக்கணும். எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்தினா சரியாகும், ஆனா எது கெட்டதுன்னு கடைசி வரை தெரியாது, செலவுதான் மிச்சம். கேபிள் வாங்கும்போது முனையோட நம்பரைச் சொல்லிக் கேளுங்க, எஸ்.எஃப்.எஃப். 8088ம் 8644ம் ஒண்ணுக்கொண்ணு செருகாது.

லிங்க் வந்ததும் எண்ணிக்கையைப் பாருங்க. உங்க ரெய்டு கார்டு சாஃப்ட்வேர்ல 'ஃபை' (phy, ஒவ்வொரு லேனோட நிலைமை)னு ஒரு பகுதி இருக்கும், அதுல 4 லேனும் ஒரே வேகத்துல இருக்கா, 'இன்வாலிட் டிவேர்ட்', 'டிஸ்பேரிட்டி எர்ரர்' (ரெண்டும் டேட்டா கெட்டு வந்த கணக்கு) எவ்வளவுன்னு காட்டும். கேபிள் செருகும்போது கொஞ்சம் ஏறுறது சகஜம், அதைப் பாத்துப் பயப்பட வேண்டாம். நம்பரைக் குறிச்சு வச்சுட்டு, இம்போர்ட் முடிச்சு, பெரிய ஃபைல் ஒண்ணை வாசிக்க விட்டு மறுபடி பாருங்க. ஏறிக்கிட்டே போனா இன்னும் சரியாகல. ஏறலன்னா மொத வேலையா அந்தக் கல்யாணத்தை எல்லாம் வேற டிஸ்க்குக்கு காப்பி எடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஆனா இம்போர்ட்டுக்கு முன்னாடியே கார்டோட லாக்கை (நடந்ததை எழுதி வைக்கிற பதிவு) பாருங்க, ஒண்ணு ரெண்டு டிஸ்க் மத்ததுக்கு முன்னாடியே விழுந்திருந்ததா அதுல இருந்தா மட்டும் இம்போர்ட்டை நீங்களா செய்யாம, ரெய்டு மீட்டுப் பழக்கம் உள்ளவங்ககிட்ட காட்டுங்க.

கேள்வி: குளச்சல்ல கடலுக்குப் பக்கத்துல ஆஃபீஸ். சர்வருக்கும் சுவிட்ச்சுக்கும் 10 ஜிகாபிட் செம்பு கேபிள் (டி.ஏ.சி., ரெண்டு முனையிலயும் மாட்யூல் சேர்ந்தே வர்றது) வாங்கிப் போட்டேன், ரெண்டு பக்கமும் லைட்டே எரியல. ஐ.பி. அட்ரஸை மாத்தி மாத்திப் பாத்தேன். உப்புக் காத்தா சார் காரணம்?
— வாசகி, குளச்சல்

பதில்: புதுக் கேபிள்னா உப்பு மேல பழி போட வேண்டாம். சுவிட்ச்ல இருக்கிறது 1 ஜிகாபிட் போர்ட்டான்னு பாருங்க, ரெண்டுக்கும் ஓட்டை ஒரே மாதிரிதான், கேபிள் அழகா உள்ள போகும், லிங்க் மட்டும் வராது. அது சரின்னா சுவிட்ச் லாக்கைப் பாருங்க, இந்தக் கேபிளோட முனையில ஒரு சின்ன சிப் இருக்கு, அதுல கம்பெனி பேர் பதிஞ்சிருக்கும், சில சுவிட்ச் தன் பேர் இல்லாததை ஏத்துக்காது. 25 ஜிகாபிட் போர்ட்ல போட்டிருந்தா வேகத்தைக் கையால 10னு வச்சுப் பாருங்க.

உப்புக் காத்து சும்மா இருக்கிற போர்ட்டைத்தான் மெதுவா அரிக்கும், எடவப்பாதி மழை சமயத்துல ஜன்னலைத் திறந்து போட்டா இன்னும் மோசம். போர்ட்டுக்கு மூடி வந்திருந்தா தூக்கிப் போடாம மாட்டி வைங்க, ஏற்கனவே பச்சை பிடிச்சிருந்தா கரன்ட்டை அணைச்சுட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு நூல் விடாத துணியால துடைங்க, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா மேல இருக்கிற தங்கப் பூச்சும் போயிரும். ஐ.பி. அட்ரஸை மாத்தி மாத்திப் பாத்தேன்னும் எழுதியிருந்தீங்க, லைட்டே எரியாதப்போ அதைத் தொடவே வேண்டாம்.