லெட் ஆசிட்டோடு லித்தியத்தை இணைக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். 48 வோல்ட் இ-ஆட்டோ, நாலு லெட் ஆசிட் பேட்டரி. மதியத்துக்கு மேல் சார்ஜ் நிற்பதில்லை. 51.2 வோல்ட், 30 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்று வாங்கிப் பழைய செட்டோடு பேரலலாக இணைக்கலாமா? சூப்பர் கெபாசிட்டர் போட்டால் மைலேஜ் கூடும் என்கிறார் கடைக்காரர். எது சரி?

பதில்: பேரலலாக (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) இணைக்க வேண்டாம். இரண்டு பேட்டரியையும் ஒரே வயரில் சேர்த்துவிட்டால், எது எப்போது கரண்ட் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்காது. வோல்டேஜ்தான் முடிவு செய்யும். முழு சார்ஜில் உங்கள் பழைய செட் சும்மா நிற்கும்போது சுமார் 51 வோல்ட் காட்டும். 16 செல் கொண்ட லித்தியம் (எல்.எஃப்.பி. எனும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை) 53-க்கு மேல் நிற்கும், பாதி தீர்ந்தாலும் 52-க்குக் கீழே லேசில் இறங்காது. ஆகவே லித்தியமே பெரும்பாலான பாரத்தை இழுக்கும். வண்டி நிற்கும்போதும் அதிலிருந்து பழைய பேட்டரிக்குள் கரண்ட் போய்க்கொண்டிருக்கும்.

இதைவிட ஆபத்து, தீர்ந்துபோன பழைய செட்டோடு முழு சார்ஜ் லித்தியத்தைச் சேர்க்கும் அந்த நொடி. வித்தியாசம் 6 வோல்ட், பேட்டரியும் வயரும் சேர்ந்து மின்தடை 0.06 ஓம் என்று வைத்தால் பாயும் கரண்ட் 100 ஆம்பியர். லித்தியத்தின் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு) கட் செய்தால் நல்லது. செய்யாவிட்டால் வயர் உருகலாம்.

அடுத்து சூப்பர் கெபாசிட்டர், அதாவது கரண்டைச் சட்டென்று வாங்கிச் சட்டென்று கொடுக்கும் சாதனம். 2.7 வோல்ட், 3000 ஃபாரட் செல் ஒன்றில் அடங்குவது 3 வாட்-அவர்தான். உங்கள் வோல்டேஜுக்கு 20 செல் வரிசையாக வேண்டும்: மொத்தம் 60 வாட்-அவர். உங்கள் வண்டி கிலோமீட்டருக்கு 50 வாட்-அவர் எடுக்கும் என்று வைத்தால், ஒரு கிலோமீட்டர் ஓடும், அவ்வளவுதான். அதையும் முழுக்க எடுக்க முடியாது. மேடேறும்போதும் கிளம்பும்போதும் வரும் திடீர் இழுவையை அது தாங்கும், பிரேக்கில் திரும்பும் கரண்டை வாங்கிக்கொள்ளும். அதற்கும் நடுவில் வோல்டேஜை ஏற்றி இறக்கித் தரும் டி.சி.-டி.சி. கன்வர்ட்டரும், சராசரி பாரத்தை பேட்டரிக்கும் உச்சத்தைக் கெபாசிட்டருக்கும் பிரித்துவிடும் கன்ட்ரோலும் வேண்டும். ஷாங்காயில் 2006-லேயே கெபாசிட்டர் பஸ் ஓடியது உண்மைதான். நிறுத்தத்துக்கு நிறுத்தம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஓடியது அது.

இரண்டு பேட்டரியும் வேண்டும் என்றால் மாற்றுச் சுவிட்ச் போட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள். கிலோமீட்டருக்கு அதே 50 வாட்-அவர் கணக்கில், லித்தியம் தனியாக சுமார் 30 கிலோமீட்டர் கொடுக்கும். சுவிட்ச் டி.சி.க்கு உரியதாக இருக்கட்டும், வீட்டு ஏ.சி. சுவிட்சில் டி.சி. தீப்பொறி அணையாமல் நின்று எரியும். மாற்றுவது வண்டியை நிறுத்தி, சாவியை அணைத்த பிறகு. ஒவ்வொரு செட்டின் பாசிட்டிவ் முனை அருகிலும் ஃபியூஸ், ஒவ்வொன்றுக்கும் தனி சார்ஜர். இப்படி வண்டியை மாற்றினால் இன்சூரன்ஸ் கிளெய்மில் சிக்கல் வரலாம், டீலரிடமும் ஆர்.டி.ஓ.விலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் முன்னால், ஆட்களை ஏற்றி மேடு ஏறும்போது நாலு பேட்டரியையும் தனித்தனியே மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று 11.5-க்கு மேல் நிற்க, ஒன்று மட்டும் 10.5-க்குக் கீழே விழுந்தால் கோளாறு அந்த ஒன்றில்தான். லித்தியம் வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம்.