கேளுங்க, சொல்றேன்: கைநாட்டு வாங்கிட்டா போதுமா?

கேள்வி: நான் விஸ்காம் மூணாவது வருஷம் படிக்கிறேன். செங்கல்பட்டு பக்கம் ஒரு இருளர் குடியிருப்பை வெச்சு டாக்குமெண்டரி எடுக்கப் போறோம். ஒப்புதல் படிவம் பிரிண்ட் போட்டாச்சு. கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிட்டா போதும்தானே? ரெண்டே நாள்ல ஷூட் முடிக்கணும்.
- பேர் வேண்டாம், குரோம்பேட்டை

பதில்: போதாதும்மா. அமெரிக்கால அரிசோனா பக்கம் ஹவசுப்பாய்னு ஒரு சின்ன பழங்குடி, அவங்க ஊர்ல சுகர் ரொம்ப ஜாஸ்தியா இருந்துச்சு, ஏன்னு பாத்து சொல்றோம்னு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரங்க 1990ல இருந்து ரத்தம் எடுத்தாங்க, கையெழுத்தெல்லாம் பக்காவா வாங்கித்தான் எடுத்தாங்க. வாயால சொன்னது சுகர், பேப்பர்ல இருந்தது பொதுவா ஒரு வரி, அதை வெச்சுக்கிட்டு மனநோய் ஆராய்ச்சி, இவங்க மூதாதையர் எங்கேர்ந்து வந்தாங்கங்கற ஆராய்ச்சி வரைக்கும் அதே ரத்தத்துல பண்ணிட்டாங்க. நாங்க குடியிருக்கற இந்தப் பள்ளத்தாக்குலயே தோன்றினவங்கனு நம்பற ஜனம் அது. விஷயம் தெரிஞ்சு கேஸ் போட்டாங்க, 2010ல 41 பேருக்கு 7 லட்சம் டாலரும் மிச்சமிருந்த ரத்தமும் திரும்பி வந்துச்சு. கையெழுத்து இருந்தும் இந்தக் கதை. கைநாட்டை நம்பி நீங்க கிளம்பறீங்க.

எனக்கும் இதுல ஒரு கணக்கு பாக்கி இருக்கு, சொல்லிடறேன். பல வருஷம் முன்னாடி வேற ஒரு பத்திரிகைக்காக அறுவடை முடிஞ்ச வயல்ல ஒரு இருளர் பாட்டியை போட்டோ எடுத்தேன். வரப்புல எலி வளை வாயில ஓட்டைப் பானையை வெச்சு உள்ள புகை ஊதறாங்க, கண்ணெல்லாம் செவந்து போச்சு, அப்புறம் வளையைத் தோண்டி எலி சேத்து வெச்ச நெல்லை முறத்துல அள்ளறாங்க. அழகான படம்தான். கீழ 'எலி பிடிக்கும் பாட்டி'னு போட்டாங்க. அடுத்த தடவை போனப்போ அந்தப் பாட்டி கோவமே படல, அந்தப் பக்கத்தை நாலா மடிச்சு வெச்சிருந்ததை எடுத்து நீட்டி, "பேரன ஸ்கூல்ல எலின்னு கூப்புடறாங்க சாமி"ன்னாங்க, அவ்ளோதான். படம் எடுத்துக்கவான்னு கேட்டேன், சரின்னாங்க, அது எங்கே எப்படி வரும்னு நான் சொல்லவே இல்லையே.

அதனால முதல் தடவை கேமரா இல்லாம போங்க. என்ன படம் எடுக்கலாம்னு அவங்களையே கேளுங்க. நீங்க மனசுல வெச்சிருக்கற பாம்பு வராது, சாதிச் சான்றிதழுக்கு எத்தனை தடவை அலைஞ்சாங்கங்கறது வரும், மனைப்பட்டா வரும். பாம்பே எடுக்கறதா இருந்தாலும் வடநெம்மேலில 1978ல இருந்து நடக்கற இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கு, விஷமுறிவு மருந்துக்கு விஷம் அங்கேர்ந்து போகுது, வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு பேருக்கு 2023ல பத்மஸ்ரீயே குடுத்தாங்க. தொழில் தெரிஞ்சவங்களா அவங்களை எடுங்க, பாவப்பட்டவங்களா காட்டாதீங்க. எடிட் முடிஞ்சதும் குடியிருப்புலயே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி போட்டுக் காட்டுங்க, இந்த சீன் வேணாம்னு சொன்னா வெட்டிடுங்க. ரெண்டு நாள்ல இது நடக்காது, ப்ரொபசர்கிட்ட டைம் கேளுங்க.

கேள்வி: பழங்குடி மக்களுக்கு பணம் குடுத்து பேட்டி எடுத்தா அது லஞ்சம் மாதிரி ஆகாதா?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: டாக்டர் பீஸ் வாங்கினா லஞ்சமா சார்? 1987ல அகத்தியர் மலையில காட்டுக்குள்ள போன விஞ்ஞானிங்க மூச்சு வாங்கறப்போ கூட வழிகாட்ட வந்த காணிங்கற பழங்குடிக்காரங்க ஏதோ சின்னக் காயை மென்னுக்கிட்டு ஜாலியா நடந்தாங்க. அந்தச் செடியிலேர்ந்துதான் பின்னாடி ஜீவனின்னு மருந்து வந்துச்சு, உரிமைத் தொகைல பாதி காணிகளுக்குன்னு முடிவாகி 1997ல அவங்களுக்கு ஒரு டிரஸ்ட்டும் ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம்தான், ஆனா எங்க எல்லாரையும் கேட்டீங்களான்னு மத்த ஊர் காணிங்க சண்டைக்கு வந்தாங்க, அதுலயும் நியாயம் இருக்கு.

உங்க விஷயத்துக்கு வரேன். உங்களுக்காக ஒருத்தர் வேலைக்குப் போகாம உக்காந்தா அன்னிக்கு கூலியைக் குடுத்துடுங்க. எவ்ளோன்னு முன்னாடியே ஊர்ல எல்லார் எதிர்லயும் சொல்லிடுங்க, நல்லா அழுதவங்களுக்கு ஐநூறு, அழாதவங்களுக்கு பிஸ்கட் பாக்கெட்டுன்னு இருக்கக் கூடாது.