அட்மிஷன் வந்துவிட்டது, கால்குலஸை விட்டுவிடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகன் பன்னிரண்டாம் வகுப்பு. எர்லி டிசிஷனில் (கிடைத்தால் அங்கேயே சேருவேன் என்று உறுதி கொடுத்து முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை) விண்ணப்பித்த கல்லூரியில் டிசம்பரிலேயே மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் கிடைத்துவிட்டது. ஆனால் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் பாடமான கால்குலஸ் பிசி அவனைப் படுத்துகிறது. வருடத்தின் முதல் பாதியில் பி மைனஸ், இப்போது சி-க்கு இறங்குகிறது. ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்திருக்கிறான். “அதான் அட்மிஷன் வந்துடுச்சே, விட்டுடறேன்” என்கிறான். விடலாமா?

பதில்: கல்லூரியைக் கேட்காமல் விடவே கூடாது. கேட்ட பிறகும், இன்ஜினீயரிங் போகிற பையன் கணக்கை முழுதாக விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் நடுவில் ஒரு வழி இருக்கிறது.

முதலில் அட்மிஷன் கடிதத்தை எடுத்து மறுபடி படியுங்கள். வாழ்த்துச் சொல்லும் முதல் பத்தியை வீட்டில் எல்லோரும் பத்துத் தடவை படித்திருப்பீர்கள். கீழே, எடுத்த பாடங்களை அதே தரத்தில் முடித்தால்தான் இந்த இடம் என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அது ஒப்புக்கு எழுதியதல்ல. விண்ணப்பத்தில் இந்த வருடப் பாடங்களை அவன் பட்டியல் போட்டிருக்கிறான், கால்குலஸ் பிசியும் அதில் இருக்கிறது. பள்ளி கவுன்சிலர் நடுவருட மதிப்பெண்களை அனுப்புவார், படிப்பு முடிந்ததும் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) போகும். விண்ணப்பப் பட்டியலையும் இவற்றையும் பக்கத்தில் வைத்தால் காணாமல் போன பாடம் பளிச்சென்று தெரியும். பள்ளி வைத்திருக்கும் கெடு தாண்டிவிட்டால், பல இடங்களில் டிரான்ஸ்கிரிப்டில் பாடத்துக்கு எதிரே டபிள்யூ (பாதியில் விட்டது) என்றும் விழும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் போன்றவை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன: பாடத்தை விட்டாலோ, டி, எஃப் வந்தாலோ தெரிவித்தாக வேண்டும்.

எர்லி டிசிஷனில் இன்னொரு சிக்கல். இடம் கிடைத்ததும் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றிருப்பீர்கள். ஜூன், ஜூலையில் இங்கே ஏதாவது இடறினால் கைவசம் வேறு கல்லூரி இருக்காது.

சரி, சி வந்தால்? மற்ற பாடங்கள் நன்றாக இருக்கும்போது ஒரே ஒரு சி-க்காக இடத்தை ரத்து செய்வது அபூர்வம். அதிகம் போனால், என்ன நடந்தது என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். டி, எஃப் என்றால்தான் கதை வேறு. சொல்லாமல் பாடத்தை விட்டவனை விட, சி வாங்கிக்கொண்டு முடித்தவன் பெரும்பாலும் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறான்.

அவன் எங்கே வழுக்குகிறான் என்று பாருங்கள். பல பள்ளிகளில் குளிர்காலம் முடிகிற நேரத்தில்தான் முடிவிலித் தொடர்கள், அதாவது முடிவே இல்லாமல் எண்களைக் கூட்டிக்கொண்டே போவது, வரும். ஒரு தொடர் ஒரு எண்ணில் போய் நிற்கிறதா, நிற்காமல் போகிறதா என்று ரேஷியோ டெஸ்ட், கம்பாரிசன் டெஸ்ட் என மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் டெய்லர் தொடர். எந்த இடத்தில் எந்த டெஸ்ட் என்பதுதான் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. அதுவரை ஏ வாங்கியவர்களும் இங்கே திணறுவார்கள். இது மட்டும்தான் தகராறு என்றால் ஆசிரியரிடம் மூன்று நான்கு முறை தனியாக உட்கார்ந்தாலே சி பிழைத்துக்கொள்ளும்.

நான் சொன்ன நடுவழி கால்குலஸ் ஏபி. பிசியில் இருக்கும் டெரிவேட்டிவும் இன்டெகிரலும்தான் அதிலும். இந்தத் தொடர்கள் கிடையாது. வகுப்பில் இடமிருந்து பள்ளி ஒப்புக்கொண்டால், கணக்கு கையை விட்டுப் போகாது, தூக்கமும் கிடைக்கும். கல்லூரிகளும் முழுதாக விடுவதை விட இதைச் சுலபமாக ஏற்கின்றன. ஆனால் இதற்கும் அனுமதி கேட்க வேண்டும். செப்டம்பரில் இன்ஜினீயரிங் முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ் மறுபடி வந்து நிற்கும், பள்ளியை விட வேகமாக. எட்டு மாதம் கணக்கைத் தொடாமல் போகிறவனுக்கு அது கஷ்டம். வரலாறோ இலக்கியமோ படிக்கப் போகிறவன் கேட்டிருந்தால் இவ்வளவு கறாராகச் சொல்லியிருக்க மாட்டேன்.

மே மாதம் நடக்கும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வு தனி விஷயம். அதை எழுதாமல் விட்டால் கல்லூரிகள் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. பள்ளி விதியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெயிலை அவன்தான் எழுத வேண்டும், நீங்கள் அல்ல. உங்கள் பகுதியைப் பார்க்கும் அட்மிஷன் அதிகாரிக்கு, கவுன்சிலருக்கு ஒரு நகலோடு, நான்கைந்து வரி போதும்: “கால்குலஸ் பிசியில் இப்போது என் மதிப்பெண் சி. கால்குலஸ் ஏபிக்கு மாற நினைக்கிறேன். மற்ற பாடங்களில் மாற்றமில்லை. இது என் அட்மிஷனைப் பாதிக்குமா?” உடம்போ மனதோ சரியில்லாமல் இருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லட்டும், அது நியாயமான காரணம்தான். போனில் கேட்டு முடித்துவிடாதீர்கள், பதில் எழுத்தில் இருக்க வேண்டும். அது வரும்வரை பள்ளியின் மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அவன் கால்குலஸ் ஹோம்வொர்க்கை நிறுத்தவும் வேண்டாம்.