401(கே)-வில் கடன் எடுத்து ‘ஜட்ஜ்’ வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 42 வயது. மிச்சிகன் மாநிலம் ட்ராயில், கார் உதிரிபாக நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். ஹெச்-1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கிறேன். பக்கத்து ஊரில் ஒருவர் 1969 போன்டியாக் ஜிடிஓ ‘ஜட்ஜ்’ என்ற பழைய வேகக் காரைப் போலவே கட்டிய காரை 48,000 டாலருக்குத் தருகிறார். அடிப்படையில் அது அதே ஆண்டு லெமான்ஸ், அதே போன்டியாக்கின் சாதாரண மாடல். ஐந்து கியர், முன்னால் டிஸ்க் பிரேக், ஏசி எல்லாம் போட்டு, ஓட்டுவதற்கென்றே செய்திருக்கிறார். வங்கியில் 52,000 டாலர் இருக்கிறது. அதில் 18,000, 401(கே) ஓய்வுகாலச் சேமிப்பில் கடனாக 30,000 எடுக்கலாம் என்று நினைக்கிறேன். வீட்டுச் செலவு மாதம் 6,000. அதுபோக 1,200 மிஞ்சும். அசல் ஜட்ஜ் விலை ஏறிக்கொண்டே போகிறது, இதுவும் முதலீடுதானே? மனைவி ‘உங்கள் இஷ்டம்’ என்கிறாள்.

பதில்: கார் வாங்கும் ஆசையில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இந்தப் பணத்தில், இந்த வருடம் வேண்டாம்.

முதலீடு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 1969-ல் போன்டியாக் செய்த ஜட்ஜ் மொத்தம் 6,833. இனி ஒன்றுகூடச் சேரப்போவதில்லை, அதனால்தான் அந்த விலை. நீங்கள் பார்த்த காருக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. நல்ல லெமான்ஸும் கைதேர்ந்த பட்டறையும் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் நாளைக்கே இன்னொன்று கட்டலாம். நீங்கள் கொடுப்பது அரிய பொருளுக்கான விலை அல்ல. தகர வேலைக்கும் பெயிண்டுக்கும் இன்ஜினுக்கும் உழைத்தவரின் கூலி. ஓட்ட ஓட்ட அது தேயத்தான் செய்யும். அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். அசல் ஜட்ஜ் வைத்திருப்பவர் ஒரு கல் தெறித்தால் பதறுவார். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, மழையிலும் எடுத்துக்கொண்டு போகலாம். எனக்கு இந்த வகைக் கார்கள் பிடிப்பதே அதனால்தான். ஆனால் இது செலவுக் கணக்கு, சொத்துக் கணக்கு இல்லை. லாபத்துக்கு விற்றால் வருமான வரித்துறை வரி கேட்கும். நஷ்டத்துக்கு விற்றால் அதைக் கழித்துக்கொள்ள விடாது.

அப்புறம் 401(கே). 30,000 டாலரை ஐந்து வருடத்தில் கட்ட வேண்டும். வட்டி 8.5 சதவீதம் என்று வைத்தால் மாதம் சுமார் 615 டாலர். ‘வட்டி எனக்கேதானே வருகிறது’ என்பீர்கள். சரி, ஆனால் அந்த ஐந்து வருடமும் அந்தப் பணம் சந்தையில் இல்லை. என்னை அதைவிடக் கவலைப்பட வைப்பது உங்கள் விசா. வேலை போனால் ஹெச்-1பி-யில் இருப்பவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். வேலையை விட்டதும் பாக்கிக் கடனை முழுவதும் கட்டச் சொல்லும் 401(கே) திட்டங்கள் உண்டு. அடுத்த வருட வரித் தாக்கல் கெடுவுக்குள் நீங்கள் அதை ஈடுகட்டாவிட்டால் எடுத்த பணமாகவே கணக்கில் வரும். உங்கள் வயதுக்கு வருமான வரியோடு 10 சதவீத அபராதமும் உண்டு. அந்த 60 நாளில் வேலையும் தேடி, பழைய காரையும் நல்ல விலைக்கு விற்க முடியுமா? அவசரத்துக்கு விற்பவரிடம் யாரும் நியாய விலை பேசுவதில்லை. இடதுபக்க ஸ்டீயரிங் உள்ள காரை ஊருக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.

வங்கியில் இருக்கும் 52,000-ல் ஆறு மாதச் செலவு, 36,000, தொடக்கூடாத பணம். மிச்சம் 16,000. மாதம் மிஞ்சும் 1,200-ஐ இரண்டு வருடம் தனிக் கணக்கில் போட்டால் 28,800. ஆக 44,800. இதுதான் உங்கள் கார் பணம். இது முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். மிச்சிகனில் தனியாரிடம் வாங்கினாலும் 6 சதவீத வரி உண்டு. 48,000 டாலர் காருக்கு அதுவே 2,880. முதல் வருடத்தில் எப்படியும் ஏதாவது வேலை வைக்கும். அதனால் காரின் விலை 39,000, 40,000-க்குள் இருக்கட்டும். ஜட்ஜ் ஸ்டிக்கரும் பின் இறக்கையும் இல்லாத, நன்றாகச் செப்பனிட்ட லெமான்ஸையும் பாருங்கள். சாலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, விலையில் தெரியும்.

பார்க்கப் போகும்போது டாஷ்போர்டில் ஓட்டுநர் பக்கம், கண்ணாடி வழியே தெரியும் வின் நம்பரைப் படியுங்கள். நம் ஊரில் சேசிஸ் நம்பர் என்போமே, அதுதான். 1969-ல் ஜிடிஓ என்றால் 242 என்று தொடங்கும், லெமான்ஸ் என்றால் 237. உரிமைப் பத்திரத்திலும் அதே எண் இருக்க வேண்டும். உங்களிடம் விற்பவர் லெமான்ஸ் என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார், நல்ல மனிதர். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் அப்படியே சொல்ல வேண்டும். இன்ஜின் 400 (கன அங்குல அளவு) என்றால் அதையும் சோதியுங்கள். போன்டியாக்கின் 350-ம் 400-ம் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பிளாக்கின் முன்பக்கத்தில் பொறித்திருக்கும் இரண்டெழுத்துக் குறியீடுதான் விஷயத்தைச் சொல்லும்.

துருதான் பெரிய எதிரி. குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டும் ஊர் உங்களுடையது. சென்ற வருடம் ஒரு தோழிக்குத் துணையாக இப்படி ஒரு கார் பார்க்கப் போனேன். பெயிண்டில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. கூட வந்த மெக்கானிக் ஒரு சின்னக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கதவில் வைத்தார், ஒட்டியது. பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார், கையோடு வந்துவிட்டது. அங்கே தகரமே இல்லை, பட்டி பார்த்து மூடியிருந்தார்கள். தோழிக்கு அந்தச் சோதனைக்கு ஆன செலவு சில நூறு டாலர்தான். விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக்கை அழைத்துப் போகாதீர்கள்.

காப்பீட்டில் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ பாலிசி கேளுங்கள். சாதாரண பாலிசி 1969 லெமான்ஸுக்கு எவ்வளவு தேறும் என்று தேய்மானம் போட்டுத்தான் கொடுக்கும். ஒப்புக்கொண்ட மதிப்பில் நீங்களும் காப்பீட்டு நிறுவனமும் முன்கூட்டியே எழுதிக்கொண்ட தொகை முழுவதும் வரும். அதற்குப் பட்டறை ரசீதுகளும் படங்களும் தேவை, விற்பவரிடம் வாங்கி வையுங்கள். தினமும் ஆபீஸுக்கு ஓட்டுவதை இந்த பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. மூடிய கராஜும் கேட்பார்கள்.

உங்கள் மனைவி சொன்ன ‘உங்கள் இஷ்டம்’ சம்மதம் இல்லை. ஒரு மாலை இந்த 36,000, 16,000, 1,200 கணக்கை ஒரே தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள், மாதம் 1,200-ஐ விட்டுக்கொடுப்பவர் அவரும்தான். ஆகஸ்ட் மாதம் மூன்றாம் சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் அணிவகுக்கும் ட்ரீம் குரூஸ் நடக்கும். உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். இந்த வருடம் அவரையும் கூட்டிக்கொண்டு போய், சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கார் பிடித்தது என்று அவரிடமும் கேளுங்கள்.