தெருப் பிள்ளைகள் குளிக்க வந்தால் காசு வாங்கலாமா?

கேள்வி: மாதவரம் பால்பண்ணைப் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறோம். என் கணவர் மணலியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். முட்டிவலிக்குத் தண்ணீரில் நடப்பது நல்லது என்று டாக்டர் சொல்ல, கைக்கு வந்த பணத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம் கட்டிவிட்டார். 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம். கோடை லீவில் பேரப்பிள்ளைகள் வந்தபோது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் கூப்பிட்டோம். பேரப்பிள்ளைகள் ஊருக்குப் போன பிறகும் தெருப் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இஸ்திரி வண்டிக்காரரின் இரண்டு பெண்களும் அதில் உண்டு. கரண்ட் பில் ஏறிவிட்டது. தண்ணீர் பச்சையாகிறது. லாரித் தண்ணீர் வாங்குகிறோம். எதிர்வீட்டு அம்மா, "சும்மா வர்றது எங்களுக்கே ஒரு மாதிரியா இருக்குக்கா, தலைக்கு அம்பது ரூபா வெச்சிடுங்க" என்கிறார். என் நாத்தனாரும் அதையே சொல்கிறார். கணவரோ, "தண்ணிக்குக் காசு வாங்குற குடும்பமா நம்மது?" என்று கோபப்படுகிறார். போன வாரம் எதிர்வீட்டு அம்மா 500 ரூபாயை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். என்ன செய்யட்டும் டீச்சர்?
பெயர் வேண்டாம், மாதவரம்

பதில்: வாங்காதீர்கள் சகோதரி. அந்த 500 ரூபாயையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எப்படிக் கொடுப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கணவரின் மனசு பெரிது. ஆனால் அவர் சொல்லும் காரணம் மட்டும் போதாது. மோட்டார் போடுவதும், லாரிக்குப் போன் பண்ணுவதும், ஈரத்தரையைக் கழுவுவதும் யார் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. செலவைப் பற்றிப் பேசினால் கஞ்சத்தனம் ஆகிவிடாது. உங்கள் குளத்தின் கொள்ளளவு 800 கன அடி, ஏறக்குறைய 22,600 லிட்டர். 12,000 லிட்டர் லாரி இரண்டு வந்தால்தான் நிறையும். வெயில் காலத்தில் ஆவியாகப் போவதே தினமும் நூறு லிட்டர் இருக்கும். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் குதித்து வெளியே தள்ளும் தண்ணீர் அதைவிட அதிகம். ஒரு எச்.பி. மோட்டார் தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும். நம் வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து மாறிவிடும். உங்கள் பில் திடீரென்று எகிறியதற்கு அதுதான் காரணமாக இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

அப்படியிருந்தும் ஏன் வாங்க வேண்டாம் என்கிறேன்? எண்பதுகளில் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு முதலில் எல்லாரையும் சும்மாதான் உள்ளே விட்டார்கள். அப்புறம் கூட்டம் தாங்காமல் தலைக்கு நாலணா வைத்தார்கள். ஒரு ஞாயிறு அந்த வீட்டுத் தாத்தாவுக்கு உடம்பு முடியவில்லை, "இன்னைக்கு வேணாம்மா" என்று கதவைச் சாத்தப் பார்த்தார்கள். வெளியே நின்றவர்கள் நகரவில்லை. நாலணாவைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அதற்கு முந்தின மாதம்வரை இதே ஆட்கள், "பரவால்லக்கா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் போனவர்கள்தான்.

உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கும். இன்று உங்களுக்குத் தலைவலி என்றால் "நாளைக்கு வாங்கடா" என்று சொல்லலாம். 50 ரூபாய் வாங்கிய பிறகு சொல்ல முடியாது. எதிர்வீட்டு அம்மா நல்லவராகவே இருக்கட்டும். பணம் கொடுத்த மறுமாதம் தங்கை பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிவந்து, "அவங்களுக்கும் சேத்துக் குடுத்துடறேன்க்கா" என்பார். என்ன பதில் சொல்வீர்கள்? உங்கள் கணவர் முட்டிவலிக்காகத் தண்ணீரில் நடக்க வேண்டிய நேரத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் பிறந்தநாள் நடந்துகொண்டிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிது. தலைக்கு 50 என்று வைத்த அன்றைக்கே யார் வருவது நிற்கும்? எதிர்வீட்டுப் பையன் வருவான். இஸ்திரி வண்டிக்காரரின் பெண்கள் வரமாட்டார்கள். இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் என்றால், அவர்கள் அப்பா எத்தனை துணி தேய்க்க வேண்டும்? நேற்றுவரை ஒன்றாகக் குளித்த பிள்ளைகள் இன்று கேட்டுக்கு வெளியே நின்று உள்ளே கேட்கும் சத்தத்தைக் கேட்பார்கள். மாநகராட்சிப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். வட சென்னையில் எத்தனை பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும் என்று எனக்குத் தெரியும். கடலுக்கு நாலு தெரு தள்ளி வளர்ந்தும் இடுப்பளவு தண்ணீரில் இறங்காதவர்கள். தண்ணீரில் முகத்தை முக்கி எடுக்கவே அவ்வளவு பயப்படுவார்கள். அந்தப் பயம் போகிற ஒரு இடம் தெருவுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அதை 50 ரூபாய்க்காக அந்த இரண்டு பெண்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

சட்டப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இலவசமாகச் செய்வதைச் சேவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. காசு வாங்கிவிட்டால் எதிர்வீட்டு அம்மா நுகர்வோர், நீங்கள் சேவை தருபவர் என்று யாரும் வாதாடலாம். பிள்ளை வழுக்கி விழுந்து பல் உடைந்தால், நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் பெயர் ஏற வழி பிறக்கும். மின்சாரச் சட்டம் 2003-இல் 126-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வீட்டு இணைப்பை வேறு உபயோகத்துக்குப் பயன்படுத்தினால், அந்த உபயோகத்துக்கு உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடலாம் என்கிறது. கட்டணக் குளமாக நடத்தவே ஆசை என்றால், மாதவரம் மண்டல அலுவலகத்துக்கும் மின்வாரியத்துக்கும் நேரில் போய் முறைப்படி என்ன வேண்டும் என்று கேட்டு, முழுத் தொழிலாகவே செய்யுங்கள். வீட்டுக் குளமாகவும் கடையாகவும் அரைகுறையாக நடத்துவதில்தான் ஆபத்து.

அதற்காக, காசு வாங்காவிட்டால் பொறுப்பு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, கட்டணம் வாங்கினீர்களா என்று கேட்பதில்லை. "எங்கள் பொறுப்பில்தான் அனுப்புகிறோம்" என்று பெற்றோரிடம் எழுதி வாங்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அந்தக் காகிதத்தை நம்பாதீர்கள்.

உங்கள் கடிதம் முழுக்கப் பணத்தைப் பற்றி இருக்கிறது. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது கரையில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 4 அடி ஆழம் பெரியவர்களுக்கு இடுப்புக்கு மேல்தான். ஏழு வயதுப் பிள்ளையின் உயரமே ஏறக்குறைய 4 அடி. குளம் நிறைந்திருந்தால் அந்தப் பிள்ளை நின்றாலும் மூக்கு தண்ணீருக்குள் இருக்கும். மூழ்கும் பிள்ளை கையை ஆட்டிக் கத்தும் என்று சினிமா பார்த்து நினைத்திருக்கிறோம். மூச்சுக்குத் திணறும்போது கத்த முடியாது. வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், தலை பின்னால் சாயும், கை தண்ணீரைக் கீழே அழுத்தும். பக்கத்தில் பத்துப் பேர் பந்து விளையாடினாலும் யாருக்கும் தெரியாது. ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் சமையலறையில் இருந்துகொண்டு, "சத்தம் கேட்டுக்கிட்டுதான் இருக்கு, நல்லாத்தான் ஆடுறாங்க" என்று நினைப்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆகவே கட்டணம் வைக்கத்தான் வேண்டும் என்றால் இதை வையுங்கள்: எந்த வீட்டுப் பிள்ளை வந்தாலும் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். கரையில் உட்கார வேண்டும். போனைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். இஸ்திரிக்காரர் வண்டியை விட்டு வரமுடியாது, அவர் மனைவியும் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். அந்த இரண்டு பெண்களை நீங்களோ உங்கள் கணவரோ பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள், அல்லது எதிர்வீட்டு அம்மாவிடமே கேளுங்கள். 500 ரூபாய் கொடுக்க மனசு வந்தவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் மனசு வரும். ஒரே நேரத்தில் ஆறு பிள்ளைகளுக்கு மேல் இறக்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், சாயங்காலம் நாலரை முதல் ஆறு வரை போதும். மற்ற நாளெல்லாம் குளம் உங்கள் கணவருடையது. கேட் பூட்டியிருக்க வேண்டும், தாழ்ப்பாள் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். சுற்றி வேலி இல்லையென்றால், அது போடும் வரை யாரையும் கூப்பிடாதீர்கள்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மோட்டார் லைனில் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குளத்தின் அடியில் தண்ணீரை இழுக்கும் துளைக்குச் சல்லடை மூடி இருக்கும். அது உடைந்திருந்தால் நீண்ட தலைமுடி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், பெண்பிள்ளைகளுக்குக் கொண்டை போட்டாலும் ஆபத்துதான். மூடி மாற்றிய பிறகு இறக்குங்கள். நீங்களும் உங்கள் கணவரும் முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். மூழ்கி மூச்சு நின்றவருக்கு முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும், அப்புறம் நெஞ்சை அழுத்த வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் கூடவே கூடாது. ஒருவர் இதைச் செய்யும்போது இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

தண்ணீர் பச்சையாவதற்கும் வழி இருக்கிறது. தலையில் எண்ணெயும் உடம்பில் வியர்வையுமாக நேராகக் குதித்தால் குளோரின் அதற்கே செலவாகிவிடும், பாசிக்கு மிஞ்சாது. இறங்கும் முன் குழாயடியில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள், பாத்ரூமும் போய்விட்டு வரட்டும். கண் எரிந்தால் குளோரின் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடுகிறோம். பெரும்பாலும் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாக்கும் எரிச்சல்தான் அது. சோதிக்கும் பட்டை கடையில் கிடைக்கும். குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்., பி.எச். 7.2 முதல் 7.8 இருந்தால் சரி.

இப்போது செலவு. பணம் உங்கள் கைக்கு வர வேண்டாம். ஏப்ரலில் ஒரு லாரி எதிர்வீட்டு அம்மா சொல்லட்டும், பணத்தை லாரிக்காரரிடமே கொடுக்கட்டும். குளோரின் டப்பா ஒன்றைப் பக்கத்து வீட்டார் வாங்கிவரட்டும். கொடுக்க முடியாதவர் வீட்டுப் பெரிய பிள்ளை சனிக்கிழமை இலை அரித்துக் கரையைக் கழுவட்டும். அப்படியும் உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, உடம்பு முடியவில்லை என்றால் குளத்தை மூடிவிடுங்கள். அதில் எந்தத் தப்பும் இல்லை. 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். அந்த மாதிரி வருஷத்தில் குளமே வேண்டாம் என்று தெருவுக்கு நீங்களே சொல்லலாம். காசு வாங்காத வரை அப்படிச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அந்த 500 ரூபாயை நாளைக்கே, எதிர்வீட்டு அம்மா தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். நாலு பேர் முன்னால் வேண்டாம், அவர் முகம் சுருங்கிவிடும். "இது வேணாம்மா, செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நீ வந்து உக்காரு, அது போதும்" என்று சொல்லுங்கள். போகும்போது உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் குளம் இருக்கிறது. விருந்தாளிக்கு ஆளுக்கு 100 ரூபாய் என்று சங்கத்தில் வைத்திருக்கிறார்கள். இது நியாயமா?
ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: நியாயம்தான். அந்தக் குளத்துக்கு எல்லா வீடும் பராமரிப்புக் கட்டுகிறது. உங்கள் மச்சான் குடும்பம் குளித்தால் அது மற்றவர்கள் பங்கிலிருந்தும் போகிறது. பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, ரசீது கொடுத்து, பராமரிப்புக் கணக்கில் வரவு வைத்தால் சரி. வெளியாட்களுக்கு டிக்கெட் போட ஆரம்பித்தால் மட்டும் எழுந்து நின்று எதிர்த்துப் பேசுங்கள்.

கேள்வி: என் பெண்ணுக்கு ஒன்பது வயது. அவள் அப்பா காசிமேட்டில் கடலிலேயே நீச்சல் கற்றுத்தருகிறேன் என்கிறார். அனுப்பலாமா?
ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கடலில் வேண்டாம். அவருக்குக் கடல் பழக்கமாக இருக்கலாம், ஆனால் கற்கும் பிள்ளைக்கு அசையாத தண்ணீர் வேண்டும், கால் தரையில் பட வேண்டும். பெரியமேடு மை லேடீஸ் பூங்காவிலும் மெரினாவிலும் மாநகராட்சி நீச்சல் குளங்கள் இருக்கின்றன. போகும் முன் நேரத்தையும், பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் மல்லாந்து மிதக்கக் கற்றுத்தரச் சொல்லுங்கள். கை வீசி நீந்துவதெல்லாம் அதற்குப் பிறகு. உங்களுக்கும் நீச்சல் தெரியாது என்றால் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.