சூப்பர்ஹீரோ படங்களின் மவுசு போய்விட்டதா?

"சூப்பர்ஹீரோ படங்கள் மக்களுக்குச் சலித்துவிட்டன, இனி பெரிய வசூல் வராது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் கணக்கில் கூட்டத்தை விரட்டியது வீட்டுப்பாடம்தான், அதாவது ஒரு படம் புரிய வேறு படங்களையும் தொடர்களையும் பார்த்துவிட்டு வரவேண்டிய கட்டாயம்.

2019-ல் வந்த கேப்டன் மார்வெல் உலகம் முழுக்க 113 கோடி டாலர் வசூலித்தது. அதே நாயகி 2023-ல் தி மார்வெல்ஸ் படத்தில் வந்தபோது 20 கோடியைத் தாண்டியதோடு சரி. முதல் படம் ஒன்றும் காவியம் இல்லை, சுமார் ரகம்தான். ஆனால் வந்த நேரம் அப்படி: முந்தைய வருடம் வந்த அவெஞ்சர்ஸ் இன்ஃபினிட்டி வார் படத்தின் முடிவில் பாதி உலகம் தூசியாகி, கடைசியில் ஒரு பழைய பேஜரில் இவளுடைய சின்னம் மட்டும் மின்ன, யார் இவள் என்று மொத்தக் கூட்டமும் காத்துக்கொண்டிருந்தது, அதன் தொடர்ச்சியான எண்ட்கேம் வேறு அடுத்த ஏழாவது வாரத்தில் வரவிருந்தது. இரண்டாவது படத்திலோ மூன்று நாயகிகளில் இரண்டு பேருக்குச் சக்தி எப்படி வந்தது என்பதே டிஸ்னி பிளஸ் ஓடிடி தொடர்களில்தான் இருந்தது. என்னோடு வந்த நண்பர் அதையெல்லாம் பார்த்ததில்லை. "இது யார், அது யார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், காதில் கதை சொல்லிச் சொல்லி முதல் அரைமணி நேரப் படத்தை நானும் பார்க்கவில்லை. (நடிகர்கள் வேலைநிறுத்தத்தால் அந்தப் படத்துக்குச் சரியான விளம்பரமும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.) அதே வருடம் கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி மூன்றாம் பாகம் 84 கோடி எடுத்தது. அதில் வரும் ராக்கெட் என்ற ரக்கூனின் கதைக்கு அழ எந்தத் தொடரும் பார்த்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம், முதல் வார இறுதி வசூலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது விசுவாசிகளின் கூட்டம், எப்படியும் வரும். 2023-ல் வந்த ஆன்ட்-மேன் படமான குவாண்டமேனியா அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 10 கோடி டாலருக்கு மேல் எடுத்துவிட்டு, அடுத்த வார இறுதியில் 70 சதவீதம் போலச் சரிந்தது. பார்த்தவன் பக்கத்து ஆளிடம் என்ன சொன்னான் என்பது அந்தச் சரிவில் தெரிந்துவிடும்.

இன்னொன்று செலவு. வசூலில் ஏறத்தாழ பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி. 20 கோடியில் எடுத்த படம் 40 கோடி வசூலித்தாலும் கையைக் கடிக்கும். 2019 ஜோக்கர் 7 கோடிக்கும் குறைவாகவே செலவழித்து 107 கோடி எடுத்தது, பார்க்க வந்தவருக்கு முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. அந்தத் தெம்பில் இரண்டாம் பாகத்துக்கு ஏறக்குறைய 20 கோடியைக் கொட்டினார்கள், மொத்த வசூலே கிட்டத்தட்ட அவ்வளவுதான் வந்தது.

சரி, இனிமேல்? டெட்பூலும் வுல்வரினும் சேர்ந்த படம் 2024-ல் 133 கோடியைத் தாண்டியதே என்பீர்கள். தாண்டியது, ஆனால் அது இருபது வருடப் பாசத்தை உடைத்துச் செலவழித்த உண்டியல் காசு. அவெஞ்சர்ஸ் டூம்ஸ்டேக்கு அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியரையே வில்லனாகத் திரும்ப அழைத்ததும் அதே உண்டியலை நம்பித்தான். முதல் மூன்று நாள் டிக்கெட் கிடைக்காது, நானும் அடித்துப்பிடித்துப் போவேன். இரண்டாவது வாரம் அந்த நண்பர், நான் கூப்பிடாமலே வருகிறாரா என்று பார்க்க வேண்டும்.